ஏழாம் எண் அம்மா வாசிக்காத பக்கங்கள்

மார்ச் 4

பேசும் நூலகத்தின் ஏழாம் எண் வாசிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒலிநாடாவின் தொடக்கத்திலும் "வாசிப்பவர், எண் ஏழு" என்று மட்டும் சொல்வீர்கள். அதனால் எங்களைப் போன்ற நேயர்களுக்கு நீங்கள் ஏழாம் எண் அம்மா. பதினோரு வருடமாக உங்கள் குரலைக் கேட்கிறேன். எந்தெந்தப் புத்தகம் வாசித்தபோது உங்களுக்குச் சளி பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வயது முப்பத்திரண்டு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே இருட்டறையில் வேலை. எடுத்த படங்களைக் கழுவி, காயவைத்துத் தரவேண்டும். கும்மிருட்டில் செய்கிற வேலை என்பதால் அங்கே நான் வைத்ததுதான் சட்டம். கண் உள்ளவர்கள் உள்ளே வந்தால் தொட்டியில் இடித்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தட்டச்சு தெரியும், அடித்ததைச் சரிபார்க்க முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நூல் எண் 640, ஒரு பெண் டாக்டர் எழுதிய தம்பதியர் உடல்நலக் கையேடு. நூலக விதிப்படி ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் பக்க எண்ணைச் சொல்கிறீர்கள். நூற்றுப் பதினொன்றாம் பக்கம் இப்படி முடிகிறது: "புதிதாக மணமான பெண்களில் பலர் வெளியே சொல்லாத ஒரு சிரமத்தைப் பற்றி இனிப் பார்ப்போம். அதற்குமுன் உடலின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது." அடுத்து நீங்கள் சொன்னது, "பக்கம் நூற்றுப் பத்தொன்பது." அது தொடங்குவது, "ஆகவே அந்தப் பெண் தன்மேல் எந்தக் குற்றத்தையும் சுமத்திக்கொள்ளத் தேவையில்லை."

எந்தப் பெண்? என்ன சிரமம்? நாடா அறுந்ததோ என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். அறுபடவில்லை. ஏழு பக்கத்தை விட்டுவிட்டு ஒரு மூச்சு வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தயவுசெய்து அந்தப் பக்கங்களை வாசித்து அனுப்பவும்.

இப்படிக்கு,
இருட்டறை ஊழியர்


மார்ச் 15

அன்புள்ள நேயருக்கு,

என் நாடா பதினோரு வருடத்தில் ஒருமுறையும் அறுந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசு மானியம் பெறும் நிறுவனங்கள் பாலியல் விவரம் அடங்கிய எதையும் வைத்திருக்கவோ பரப்பவோ கூடாது என்று பொது ஒழுக்கத் துறை சென்ற ஆண்டு ஆணையிட்டது. எங்கள் நூலகம் மானியத்தில் ஓடுகிறது. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று துறையே பட்டியல் அனுப்புகிறது. பட்டியலுக்கு உட்பட்டு அந்தப் பக்கங்களை விட்டேன். பக்க எண்ணை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் உள்ளபடி சொன்னேன்.

மீதிப் பக்கங்களில் சத்துணவு, கர்ப்ப காலம், குழந்தை வளர்ப்பு எல்லாம் விரிவாக இருக்கின்றன. அவை பயன்படும். விட்ட பக்கங்கள் ஒரு பெண் நாலு பேர் கேட்க உரக்கப் படிக்கக்கூடியவையும் அல்ல. இத்துடன் இதை முடித்துக்கொள்வோம்.

வாசிப்பாளர், எண் 7


மார்ச் 22

ஏழாம் எண் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டியவர் எங்கள் எக்ஸ்ரே அக்கா. அவர்தான் படம் எடுப்பவர். கோர்ட்டுத் தீர்ப்பைப் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

புத்தகக் கடைக்கும் போய் விசாரித்தார். அங்கே அதே புத்தகத்தைக் கண்ணாடித்தாள் சுற்றி விற்கிறார்களாம். கண் உள்ளவர்கள் வாங்கலாம், வீட்டில் பிரித்துப் படிக்கலாம், ஆணை அவர்களைத் தடுக்கவில்லை. நானும் வாங்கலாம். தடவிப் பார்க்கலாம். யாரையாவது படித்துக் காட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். யாரை அம்மா? என் மாமியாரையா?

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி எட்டு மாதம். அவரும் பார்வையற்றவர், ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். ரொம்ப நல்லவர், அதுதான் என் கஷ்டமே. கோபித்துக்கொண்டாலாவது நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். என்னால் முடியவில்லை. அவர் நெருங்கினாலே உடம்பு தானாக இறுகிப் பூட்டிக்கொள்கிறது. மீறினால் உயிர் போகிற வலி. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைக்கிறார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

டாக்டரிடம் போனோம். கூட வந்தது மாமியார். டாக்டர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமியாரைப் பார்த்து, "போகப் போகச் சரியாயிடும்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வலி எனக்கு, ஆறுதல் அவருக்கு.

உங்கள் பதிலை எக்ஸ்ரே அக்காதான் படிக்கவேண்டும். அதனால் விளக்கம் எதுவும் எழுதாதீர்கள். நீங்கள் விட்ட பக்கங்களில் என் சிரமத்துக்கு வழி சொல்லியிருக்கிறதா? உண்டு அல்லது இல்லை, ஒரே ஒரு சொல் போதும்.

பொது ஒழுக்கத் துறைக்கும் ஒரு மனு அடித்து அனுப்பியிருக்கிறேன். விட்ட பக்கங்களின் எண்ணோடு, ஆணையைத் தளர்த்தச் சொல்லி. நியாயமாகக் கேட்டால் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.


ஏப்ரல் 20

அன்புள்ள நேயருக்கு,

உங்கள் மனு நன்றாகவே வேலை செய்தது. துறை அதிகாரி இரண்டு பேரோடு நேரில் வந்தார். கையில் உங்கள் மனு. "கண்ணு தெரியாதவங்களுக்கு இத்தனை பக்கம் இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். பக்க எண் சொல்வதால் தெரிந்தது என்று நூலகர் சொன்னார். உடனே முடிவாகிவிட்டது. இனி எந்தப் புத்தகத்துக்கும் பக்க எண் சொல்லக்கூடாது. எது விடுபட்டது என்று இனி யாருக்கும் தெரியாது. பரீட்சைக்குப் படிப்பவர்கள் பக்க எண்ணை வைத்துத்தான் பாடத்தைத் தேடுவார்கள், அவர்கள் பாடும் திண்டாட்டம்தான். 640 அலமாரியிலிருந்தே போய்விட்டது.

உங்கள் மேல் பரிதாபம் உண்டு. ஆனால் என்னைக் கேட்காமல் என் வேலைக்கு உலை வைத்துவிட்டீர்கள். இனி எனக்கு எழுதவேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உண்டு.

வாசிப்பாளர், எண் 7


ஏப்ரல் 27

அம்மா,

எழுதவேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான், இதோடு சரி.

எக்ஸ்ரே அக்கா கடைசிச் சொல்லைப் படித்துவிட்டு, "என்ன உண்டு?" என்றார். வேறொரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன் என்று சமாளித்தேன். படம் கழுவும்போதெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வழி உண்டு. எங்கோ அச்சில் இருக்கிறது. அதை நீங்கள் கண்ணால் படித்திருக்கிறீர்கள். இல்லை என்று எழுதியிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு இல்லை. "ஒனக்குக் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மே பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிடப் போகிறார்கள். மாமியார் என் அம்மாவிடம், "கண்ணு மட்டுந்தான் இல்லேன்னு நெனச்சுக் கட்டிவச்சோம்" என்று சொன்னாராம். அவர் மகனுக்கும் அதே கண்தான்.

உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னியுங்கள்.


மே 6
(ஒலிநாடாவில் வந்த கடிதம்)

கண்ணு,

எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். காகிதம் இல்லாமல் எனக்குப் பேச வராது. இது நூலகத்துப் பதிவறை இல்லை, என் சமையலறை. ஃபிரிட்ஜ் முனகுகிறது என்று அணைத்துவிட்டேன், பால் கெட்டால் கெடட்டும். பார்வையற்றோர் தபால் இலவசம்தான், ஆனால் உறையை ஒட்டக்கூடாது, பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே தபால்தலை வைத்து, நன்றாக ஒட்டி, சாதாரணப் பார்சலாக அனுப்புகிறேன். நீ ஹெட்போன் மாட்டிக்கொள். இதில் எக்ஸ்ரே அக்காவுக்கு வேலை இல்லை.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். துறையின் பட்டியலில் இருந்தது மூன்றே பக்கம், 112 முதல் 114 வரை. உடலின் அமைப்பும் படத்தின் விளக்கமும். 115 முதல் 118 வரை யாரும் விடச் சொல்லவில்லை. உனக்கு வேண்டியது அந்த நாலு பக்கம்தான். அதை விட்டது நான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் உட்கார்ந்திருப்பார். என் வயதுக்காரர். பதினோரு வருடமாக அவர் எனக்கு சார், நான் அவருக்கு அம்மா. அவர் காதுக்குள் இதையெல்லாம் வாசிப்பதா என்று கூசியது. இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் என்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். பத்து மாதம் அந்த வீட்டில் இருந்தேன். குறையுள்ள பெண் என்றார்கள், அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன். அதன்பிறகு ஒருவரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. வாசிப்பதற்கு முன் பக்கங்களை மனதுக்குள் ஒருமுறை படிப்பது என் வழக்கம். 116ஆம் பக்கத்துக்கு வந்தபோதுதான் எனக்கு இருந்தது என்ன என்று தெரிந்தது. ஒரு பத்தி, அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயதில் தெரிந்து என்ன செய்ய? ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும், அவர் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். புரட்டிவிட்டேன்.

அன்றைக்கு வந்த அதிகாரி பட்டியலையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாங்கள் சொன்னது மூன்று, அம்மா ஏழு பக்கத்தை விட்டிருக்கிறாரே என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். "அம்மா மாதிரி எல்லாரும் பொறுப்பா இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். சிரித்துத் தலையாட்டினேன். உன்மேல் கோபமாக எழுதினேனே, அது அவர்மேலும் என்மேலும் வந்த கோபம். உன் கடைசிக் கடிதம் வந்த அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடவேண்டும். கடையில் புத்தகம் வாங்கிவிட்டேன். இனி வாசிக்கிறேன். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.


ஜூன் 3

அம்மா,

நாடா வெள்ளிக்கிழமை வந்தது. முதல்முறை தனியாகக் கேட்டேன். மறுநாள் காலை வங்கிக்குப் போன் செய்தேன். அங்கே போனை எடுப்பவர் அவர்தானே. "எந்த எக்ஸ்டென்ஷன் வேணும்?" என்றார். "நீங்கதான் வேணும்" என்றேன். மத்தியானமே அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். "உடல் இப்படி இறுகிக்கொள்வது அந்தப் பெண்ணின் வெறுப்பும் அல்ல, குறையும் அல்ல. அவள் அறியாமல் உடல் எடுக்கும் தற்காப்பு. பொறுமையாகப் பழக்கினால் பெரும்பாலோருக்குச் சரியாகும்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். நாற்காலி நகர்ந்தது, குழாயில் தண்ணீர் விழுந்தது. திரும்பி வந்து அதே வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தீர்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒன்னத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனே" என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எல்லோரும் வந்தார்கள். "எங்க விஷயத்த நாங்க பாத்துக்கறோம், நீங்க காபி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்று அவரே சொல்லிவிட்டார். மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை. வேறொரு டாக்டரைப் பார்த்தோம், இந்தமுறை நாங்கள் இருவர் மட்டும். பயிற்சிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாவது ஆகுமாம்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். என்னோடு விடுதியில் படித்த தோழி ஒருத்தி, அவளுக்கும் இதே கதை. உங்கள் பேச்சு இருந்த பகுதியை அழித்துவிட்டு, பக்கங்களை மட்டும் பிரதியெடுத்துக் கொடுத்தேன். அவள் இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. குரலை அழிக்க வழியில்லையே அம்மா. கேட்கிற அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும்.


ஜூன் 14
(இதுவும் ஒலிநாடாவில் வந்தது)

கண்ணு,

ஒரு பிரதி துறையின் கைக்குப் போய்விட்டது. தடைசெய்த பக்கங்களைப் பரப்பினேன் என்று என்மேல் விசாரணை, ஜூலை ஐந்தாம் தேதி. நிரூபித்தால் வேலை போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டாம். ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டார்களாம், தனக்குக் காது மந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவறையில் பழுதில்லாத காது அவருடையது ஒன்றுதான். நூலகரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அதனால் என் குரல்தானா என்று அடையாளம் காட்ட நேயர்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஐந்து பேர். பட்டியலில் நீயும் உன் கணவரும் இருக்கிறீர்கள்.

அங்கே போய் உள்ளதைச் சொல். எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.


ஜூலை 7

அம்மா,

ஏன் அப்படிச் செய்தீர்கள்?

ஐந்து பேருக்கும் ஐந்து தடவை அந்த நாடாவை முழுக்கப் போட்டார்கள். பொது ஒழுக்கத் துறை அலுவலகத்தில், ஒலிபெருக்கியில். குமாஸ்தாக்களின் தட்டச்சுச் சத்தம் மூன்றாவது தடவையிலேயே நின்றுவிட்டது. என் தோழி, "வெளியூர்க் குரல் மாதிரி இருக்குங்க" என்றாள். அடுத்த இரண்டு பேரும் தங்களுக்கு ஆண் குரல் போலக் கேட்கிறது என்றார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் வந்தார். இருபது வருடமாகக் குரலை வைத்தே ஆளைச் சொல்கிற மனிதர். "இந்தக் குரலக் கேட்டதே இல்லீங்க" என்று அழுத்தமாகச் சொன்னார். கடைசியில் நான். "கண்ணு தெரியாதவங்க ஒரு குரலக் கேட்டா மறக்கமாட்டீங்களேம்மா?" என்று அதிகாரி கேட்டார். "மறக்கமாட்டோம் சார். அதனாலதான் உறுதியாச் சொல்றேன், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

முடிந்தது அம்மா. அவர்களிடம் வேறு சாட்சி இல்லை. அதிகாரி கோப்பை மூடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அப்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "அது என் குரல்தான்" என்றீர்கள். நாங்கள் ஐந்து பேரும் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை. அவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து அவரும் நானும் சாப்பிடவில்லை. எனக்குக் காரணம் வேண்டும்.


ஜூலை 20

கண்ணு,

இந்தக் கடிதத்தை எக்ஸ்ரே அக்காவே படிக்கட்டும். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

நானும் வாயை மூடிக்கொண்டு தப்பிக்கத்தான் வந்தேன். ஐந்து பேரும் என்னைக் காப்பாற்றினீர்கள், சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் "இவங்க யாருன்னே தெரியாது" என்று நீ சொன்னபோது எனக்கு வேறொன்று உறைத்தது. நான் பேசாமல் எழுந்து போனால், அந்தப் பக்கங்கள் யாரும் சொந்தம் கொண்டாடாத அசிங்கம் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். எங்கோ ஒரு பெண் அந்த நாடாவைக் கேட்கிறாள். இதைச் சொன்னவள் யார் என்று கேட்டால், அவளே பயந்து மறுத்துவிட்டாள் என்றா பதில் வரவேண்டும்? அவள் மறுபடி தன்மேல்தான் குற்றத்தைச் சுமத்திக்கொள்வாள். நான் முப்பத்தொரு வருடம் சுமந்தேன். போதும்.

அதிகாரி, "யார் பேச்சைக் கேட்டு வாசிச்சீங்க?" என்றார். "பட்டியல்ல இல்லாத நாலு பக்கத்த நானா விட்டப்ப, யார் பேச்சைக் கேட்டேன்னு நீங்க கேக்கலையே" என்றேன்.

வயதைப் பார்த்துச் சிறை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வேலை போய்விட்டது. என் குரலில் உள்ள இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களையும் நேயர்களிடமிருந்து திரும்பப் பெற்று அழிக்கச் சொல்லி ஆணை. கையெழுத்துப் போட்டபோது அழவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.


செப்டம்பர் 12

அம்மா,

உங்கள் நாடாக்களைப் பதினைந்து நாளில் திருப்பி அனுப்பும்படி எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்தது. போனமாதம் நூலகர் ஒவ்வொருவருக்கும் போன் செய்திருக்கிறார். பேசிவைத்துக்கொள்ளவே இல்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறோம். "வச்ச எடம் தெரியலையே சார். எங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே, நாங்க எங்கேன்னு தேடுறது?" நூலகர் அதை அப்படியே துறைக்கு எழுதி அனுப்பிவிட்டாராம். ஒரு நாடாகூடத் திரும்பிப் போகவில்லை.

நீங்கள் சொன்ன காரணத்தைப் பல நாள் ஏற்றுக்கொள்ளவில்லை. கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு புதுப்பெண், படம் எடுக்க வந்தவள், எக்ஸ்ரே அக்காவிடம் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டிருக்கிறாள். அக்கா அவளை நேரே என் இருட்டறைக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டார். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். விசாரணையில் தெரிந்துகொண்ட உங்கள் பெயர், வேலை, நீங்கள் எழுந்து நின்றது, எல்லாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதைத் துறைக்காரர்கள் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. பயிற்சிகளை விடாமல் செய்தோம். அவர் ஒருநாளும் அவசரப்படவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை.

வலிக்கவில்லை, அம்மா.